பின்மண்டை அழுத்தக் குறைப்பு அறுவை சிகிச்சை

தலையின் பின்புறம் கழுத்தோடு சேரும் இடத்தில் மண்டையோட்டு எலும்பைச் சிறிதளவு அகற்றி, நெருக்குண்டு கிடக்கும் சிறுமூளைக்கும் தண்டுவடத்தின் தொடக்கத்துக்கும் இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சை இது. பெரும்பாலும் கியாரி குறைபாட்டின் முதல் வகைக்குச் செய்யப்படுகிறது. மண்டையோட்டின் அடியில், மூளை தண்டுவடமாகத் தொடரும் இடத்தில், பெருந்துளை உள்ளது. பின்மண்டைக் குழி சிறுத்திருப்பவர்களுக்குச் சிறுமூளையின் அடிநுனிகளான டான்சில்கள் அத்துளை வழியே கழுத்துக்குள் இறங்கிவிடுகின்றன. 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் குறைபாடு என்று கொள்வது வழக்கம். ஆனால் இறக்கத்தின் அளவை வைத்து நோயாளியின் துன்பத்தைக் கணிக்க முடியாது. இறங்கிய டான்சில்களோடு ஒரு தொல்லையும் இன்றி வாழ்பவர்கள் பலர். அறுவையின் வரலாறு நெடுகிலும், யாருக்குச் செய்வது என்ற கேள்வி எப்படிச் செய்வது என்பதைவிடக் கடினமானதாகவே இருந்துவந்திருக்கிறது.

அந்தக் கேள்வி முதல் விவரிப்பிலேயே தொடங்குகிறது. பிராகாவில் பேராசிரியராக இருந்த ஆஸ்திரிய நோய்க்கூற்றியலாளர் ஹான்ஸ் கியாரி, 1891இல் இக்குறைபாட்டை வகைபிரித்து எழுதினார். முதல் வகைக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு, டைபாய்டு காய்ச்சலில் இறந்த 17 வயதுப் பெண். உயிரோடிருந்தபோது அவளிடம் சிறுமூளைக் கோளாற்றின் அறிகுறி எதுவும் காணப்படவில்லை. பிணப் பரிசோதனையில்தான் டான்சில்கள் இறங்கியிருந்தது தெரிந்தது. கியாரிக்கு முன்பே, 1883இல், ஸ்காட்லாந்தின் ஜான் கிளீலண்ட் முதுகெலும்புப் பிளவோடு பிறந்த குழந்தைகளிடம் இதற்கு நெருங்கிய மாற்றத்தை விவரித்திருந்தார். 1894இல் ஹைடல்பர்க்கின் யூலியஸ் ஆர்னால்டும் இதைப் பற்றி எழுதினார். ஆர்னால்டின் மாணவர்கள் 1907இல் இரு பெயர்களையும் இணைத்து எழுதியதால் ‘ஆர்னால்டு–கியாரி’ என்ற பெயர் பரவியது. இருவருக்கும் முன்பே விவரித்த கிளீலண்டின் பெயர் அதில் இடம்பெறாமலே போயிற்று.

முதல் அறுவை முயற்சியை நெதர்லாந்தின் லைடனைச் சேர்ந்த வான் ஹௌவெனிங்கே கிராஃப்ட்டைக் என்பவர் 1932இல் அறிவித்தார்; அது பலனளிக்கவில்லை. 1938 அளவில் பெரியவர்களிடம் செய்த அறுவைகள் பற்றிய அறிக்கைகள் வரத் தொடங்கின, சிலர் தேறினர். எக்ஸ்ரேயையும் நோயாளியின் நடையையும் மட்டும் நம்பி இயங்கிய காலம் அது. கழுத்துத் தண்டுவடக் கட்டி என்று எண்ணித் திறந்தால், இறங்கிய சிறுமூளை தென்படுவதும் உண்டு.

இக்குறைபாட்டோடு சேர்ந்து வரும் சிரிங்கோமைலியாதான் மருத்துவர்களை நெடுநாள் குழப்பியது. தண்டுவடத்தின் உள்ளே திரவக் குழல் உருவாகி, வலியையும் வெப்பத்தையும் எடுத்துச்செல்லும் நரம்பிழைகளைச் சிதைக்கும் நோய் அது. தொடுவது தெரியும், சுடுவது தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்த கை வெந்த பிறகுதான் கண் அதைக் காணும். கை விரல்களின் தசை மெலியும்; குழந்தைகளுக்கு முதுகெலும்பு வளையும்.

1950களில் கிளீவ்லாந்தின் ஜேம்ஸ் கார்ட்னர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மூளையின் நான்காம் அறையிலிருந்து வெளியேற வழியில்லாத திரவம், ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் தண்டுவடத்தின் நடுக்குழாய்க்குள் இடிக்கப்படுகிறது என்பது அவர் கொள்கை. எனவே எலும்பை அகற்றியதோடு நில்லாமல், அக்குழாயின் வாயைத் தசைத் துணுக்கால் அடைத்தார். உயிர்க்கட்டுப்பாட்டு மையங்களுக்கு மிக அருகில் செய்யும் ஆபத்தான வேலை அது. நோயாளிகள் தேறியதால் கொள்கையும் நிலைத்தது. உண்மையில் அவர்களைத் தேற்றியது எலும்பைத் திறந்ததே என்று கருத இன்று வலுவான காரணம் இருக்கிறது. இருமலின்போது மண்டைக்கும் முதுகுக்கும் இடையே உண்டாகும் அழுத்த வேறுபாட்டை பிரிட்டனின் பெர்னார்ட் வில்லியம்ஸ் அளந்து காட்டியது அடுத்த படி.

எம்.ஆர்.ஐ. வந்தபின் நிலைமை மாறியது. பெரும்பாலான பெரியவர்களிடம் நான்காம் அறைக்கும் திரவக் குழலுக்கும் திறந்த தொடர்பே இல்லை என்பது தெரிந்தது. 1994இல் எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டும் குழுவினரும் 7 நோயாளிகளை ஆராய்ந்து, டான்சில்கள் ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் பிஸ்டன் போல இறங்கித் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தை அழுத்துவதைக் காட்டினர். திரவம் தண்டுவடத்துக்குள் வெளியிலிருந்தே புகுகிறது என்றால், இடம் தந்தாலே போதும்; தண்டுவடத்தைத் தொட வேண்டியதில்லை. இத்துறையின் தலையாய முன்னேற்றம் இதுவே எனலாம்.

இன்று நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, சுமார் 3 செ.மீ. அகலத்துக்கு எலும்பையும் முதல் கழுத்தெலும்பின் பின்வளைவையும் அகற்றுகின்றனர். அளவு மீறி அகற்றினால் சிறுமூளையே திறப்பின் வழியே சரியக்கூடும். மூளையின் தடித்த உறையான டியூராவைத் திறந்து ஒட்டுத்துண்டு வைத்து விரிவாக்குவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. திறந்தால் திரவக் கசிவும் மூளையுறை அழற்சியும் நேரலாம். திறக்காவிட்டால் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு கூடுகிறது.

இருமும்போதும் தும்மும்போதும் முக்கும்போதும் பிடரியில் வெடிக்கும் தலைவலிக்கே இது மிக நன்றாகப் பலன் தருகிறது. திரவக் குழல் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சுருங்குகிறது. ஆனால் மெலிந்த தசையும் இழந்த உணர்வும் முழுதாகத் திரும்புவது அரிது. நோய் மேலும் முற்றாமல் நிற்பதையே அங்கு வெற்றியாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. அறுவைக்கு முன்பே இதை நோயாளியிடம் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. பொதுவான தலைவலி, சோர்வு, தலைசுற்றல் ஆகியவற்றில் பலன் உறுதியில்லை. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் நாட்பட்ட சோர்வுக்கும் உடல்வலிக்கும் இவ்வறுவையைச் சிலர் செய்யத் தொடங்கியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. பலனை ஒரே சீராக மதிப்பிட, வலி, பிற அறிகுறிகள், செயல்திறன், சிக்கல்கள் என நான்கையும் சேர்த்து 4 முதல் 16 வரை மதிப்பெண் தரும் சிகாகோ அளவுகோல் 2012இல் வெளிவந்தது.

இந்தியாவில் மண்டையோடும் கழுத்தெலும்பும் சேரும் இடத்தின் பிறவிக் கோளாறுகள் கணிசமாகக் காணப்படுகின்றன. முன்னாலிருந்து எலும்பு மூளைத்தண்டை அழுத்துவதைக் கவனிக்காமல் பின்புறம் மட்டும் திறந்தால் நிலை மோசமாகலாம். மும்பையின் அதுல் கோயல் இன்னும் ஒரு படி மேலே சென்று, முதல் இரு கழுத்தெலும்புகளின் உறுதியின்மையே கியாரி குறைபாட்டுக்கு மூலம், அவற்றைத் திருகால் இறுக்கினால் போதும், எலும்பை அகற்றவே வேண்டாம் என்று வாதிட்டுவருகிறார். பெரும்பாலானோர் இதை எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதாக ஏற்கவில்லை.

முதுகெலும்புப் பிளவோடு வரும் கியாரி குறைபாட்டின் இரண்டாம் வகையில் இன்னொரு வழி திறந்திருக்கிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவறையிலேயே முதுகுப் பிளவை மூடிய குழந்தைகளில் 36 விழுக்காட்டினருக்கு 12 மாத வயதில் பின்மூளை இறக்கம் காணப்படவில்லை. பிறந்தபின் மூடியவர்களில் அது 4 விழுக்காடு. இக்குழந்தைகளுக்கு முதுகில் திரவக் கசிவை நிறுத்தியதும், மண்டையைத் தொடாமலே பின்மூளை மேலேறிவிட்டது.