ஒரு வண்டி, நாலு டயர், ரெண்டு கம்பெனி

எங்க வீட்டு மாருதிக்கு வயசு பன்னிரண்டு. போன ஐப்பசியில், சரியாக மழை தொடங்கும் நேரத்தில், அதன் முன் டயர் ரெண்டும் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. பின் டயர்கள் பரவாயில்லை, இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

கோட்டக்குப்பத்தில் இசிஆர் ஓரம் டயர் கடை வைத்திருக்கும் பாய் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அதே கம்பெனி இப்ப ஸ்டாக் இல்ல. வேற கம்பெனி ரெண்டு போட்டுக்கங்க, ஒண்ணும் ஆவாது."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பெனி கலக்கக் கூடாது பாய். மாத்துனா நாலையும் ஒண்ணா மாத்தணும். தை பொறக்கட்டும், காசு சேர்ந்ததும் வர்றேன்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

அதாவது, கார்த்திகை மழை முழுக்க மொட்டை டயரில் ஓடப் போகிறோம்! இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று தேடப் போய்த்தான் இந்தச் சரித்திரம் கிடைத்தது. கொஞ்சம் பின்னால் போவோம், வாருங்கள்.

அப்பாவின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூறுகளில் அவர் பாண்டிச்சேரியில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். ஒருமுறை முதலாளி முன்னால் மட்டும் புதுசாக ரெண்டு டயர் போட்டுக் கொடுத்தார். வேறு கம்பெனி. காலாப்பட்டு வளைவில், ஈர ரோட்டில், வண்டியின் பின்பக்கம் வழுக்கி அப்படியே சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை. "கம்பெனி மாறுச்சு, வண்டி சுத்துச்சு" என்பது அன்றிலிருந்து அவர் வேதம்.

"அந்தப் புது டயர் ரேடியலா?" என்று கேட்டேன். "ஆமா. பின்னாடி பழைய நைலான்" என்றார். விஷயமே அங்கேதான் இருக்கிறது!

நைலான் டயர் என்று நம்மூர் டிரைவர்கள் சொல்வது கிராஸ் பிளை டயரை. அதன் உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக, பாய் பின்னலைப் போல ஓடும். பக்கச் சுவரும் தரையில் படும் பகுதியும் ஒரே உடம்பு. வளைவில் சுவர் சாய்ந்தால் பட்டனும் சேர்ந்து சாயும், பிடிப்பு குறையும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். மேலே இரும்புக் கம்பிப் பட்டை ஒன்று வளையமாகச் சுற்றியிருக்கும். சுவர் எவ்வளவு வளைந்தாலும் பட்டன் தரையோடு படிந்தே இருக்கும்.

பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் இந்த ரேடியலுக்குக் காப்புரிமை கேட்டது 1946-ல். கடைக்கு வந்தது 1949-ல். அதே 1946-ல் நம்ம சென்னை திருவொற்றியூரில் ஒருவர் கொட்டகை போட்டு பலூன் செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. அந்தப் பலூன் கடைதான் 1952-ல் ரீட்ரேடிங் ரப்பருக்கு மாறி, 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியுடன் சேர்ந்து டயர் தயாரித்தது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப். அதற்கு முன்பே, 1959-ல், டன்லப் அம்பத்தூரில் தொழிற்சாலை வைத்துவிட்டது.

இவை எல்லாம் அப்போது கிராஸ் பிளைதான். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் எந்தக் கம்பெனி டயர் போட்டாலும் உள்ளே சங்கதி ஒன்றே. கிடைத்த டயரைப் போட்டார்கள், ரீபட்டன் பண்ணியதையும் சேர்த்துப் போட்டார்கள், ஓட்டினார்கள்.

1977-ல் ஜே.கே. டயர் இந்தியாவில் ரேடியலைக் கொண்டுவந்தது. குழப்பமும் கூடவே வந்தது. ஒரே வண்டியில் இரண்டு சாதி டயர்கள். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்றால் முன் சக்கரம் தரையை இறுகப் பிடித்துத் திரும்பும், பின் சக்கரம் பிடிக்க முடியாமல் வழுக்கும், வண்டி பம்பரம் ஆகும். பிரிட்டனில் சாதாரண காருக்கு இந்தக் கலவையைச் சட்டமே தடுக்கிறது. ஒரே அச்சில் இரண்டையும் கலப்பதும் அங்கே குற்றம்.

ஆக, அப்பாவின் அம்பாசடரைச் சுற்ற வைத்தது கம்பெனிப் பெயர் அல்ல, உள்ளே இருந்த பின்னல். அனுபவம் நிஜம், அதற்கு அவர் வைத்த காரணம்தான் தப்பு. இன்று கார் டயர் என்றாலே ரேடியல்தான். டயரின் சுவரில் அளவைப் படித்தால் நடுவில் ஆங்கில 'ஆர்' எழுத்து இருக்கும், அது ரேடியலைக் குறிப்பது. 1946-ல் காப்புரிமை கேட்ட அதே மிஷ்லினுக்கு இப்போது திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை இருக்கிறது, லாரிக்கும் ரேடியல் செய்ய.

அப்படியானால் கம்பெனி எதுவானாலும் கவலையே இல்லையா? அப்படியும் இல்லை. ரப்பர் கலவையும் பட்டன் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஈரத்தில் பிடிப்பும் மாறும். அதனால் ஒரு அச்சில் இருக்கும் ரெண்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இடது ஒன்று வலது ஒன்று என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் இன்னும் கண்டிப்பு: சுற்றளவு வித்தியாசம் கியர்களைத் தின்றுவிடும்.

மரக்காணம் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றி வரும் லாரியைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னால் ஜோடி ஜோடியாக டயர். அந்த ஜோடியில் ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்றால் உயரமானதே பாரத்தை அதிகம் தாங்கும், சூடேறும், ஒருநாள் வெடிக்கும். அங்கேயும் பெயர் முக்கியமில்லை, அளவுதான் முக்கியம்.

இதையெல்லாம் அப்பாவிடம் ஒரு ராத்திரி உட்கார்ந்து சொன்னேன். சட்டப்படி காருக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும் என்பதையும் சொன்னேன். வாசலுக்குப் போய் டார்ச் அடித்து முன் டயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் "வா, பாய் கடைக்குப் போலாம்" என்றார்.

பாய் வழக்கம்போலப் புது ஜோடியை முன்னால் மாட்டப் போனார். நான்தான் தடுத்து, பழசை முன்னால் கொண்டுவந்து புதுசைப் பின்னால் போடச் சொன்னேன். தண்ணீரில் முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் காலாப்பட்டு வளைவுதான்!

"இத அன்னைக்கே ஒருத்தன் சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா.

டிஸ்கி: ஸ்டெப்னி இன்னும் மூன்றாவது கம்பெனி. அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் :-)