மலைத்தோட்டத்துப் பள்ளிக்கூடம்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறி, வண்டிப்பெரியாற்றைக் கடந்து சென்றால் பீர்மேடு வரும். பீர் முகமது என்னும் தமிழ்ச் சூஃபி ஞானியார் தங்கியிருந்த மேடு ஆதலின் இப்பெயர் பெற்றது என்பர். பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வூரின் வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது. தொழில் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை எந்த மொழியில் எழுத்தறியும் என்பதே அதன் உட்பொருள்.

திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என 1817ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டார். அவ்வாணை மலையேற நெடுங்காலம் பிடித்தது. மலைச்சரிவுகளில் வாழ்ந்த மலை அரையர் தலைவர்கள் பன்முறை வந்து பள்ளி வேண்டும் என அழைத்த பின்னரே, இளைய ஹென்றி பேக்கர் பாதிரியார் 1840களின் இறுதியில் அம்மக்களிடையே பள்ளிகளைத் தொடங்கினார். தொண்டு செய்தவரைப் போற்றும் நாம், கல்வியை நடந்து வந்து கேட்டவர்களை மறந்துவிடுகிறோம்.

1860களில் ஜே. டி. மன்றோ முதலியோர் இங்குக் காப்பித் தோட்டம் அமைத்தனர். பின்னர் இலைநோய் கண்டு காப்பி அழியவே, தேயிலை வந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தனர். லயத்தில் குடியேறிய குடும்பத்தில் பிள்ளையின் கையும் கூலிக்குரிய கையே ஆயிற்று.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒரு வழி திறந்தது. ஒரு தோட்டத்துத் தொழிலாளரின் பிள்ளைகளுள் 6 முதல் 12 வயதுக்குட்பட்டோர் 25 பேருக்கு மேற்பட்டால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்றது. ஆனால் 12 வயது நிறையாத பிள்ளையை மட்டுமே வேலைக்கு வைக்கலாகாது என்றும் அதே சட்டம் கூறிற்று. பள்ளி வயது முடிந்த இடத்திலேயே கூலி வயது தொடங்கிற்று! அவ்விதி நீங்கியது 1986இல்தான்.

இதற்கிடையே எல்லைப் பூசல் மூண்டது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று 1954இல் பெருங்கிளர்ச்சி நடந்தது. தோட்டத் தமிழர் வந்து போகும் மக்களே என்பது எதிர்வாதம். 1956 நவம்பர் முதல் நாள் இரண்டும் கேரளத்தின் பகுதிகளாயின. அவ்வாண்டே அரசியலமைப்பில் 350அ என்னும் பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் சாரம்.

சட்டங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கும் நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. 1951இல் 'இயற்றலாம்', 1956இல் 'முயலவேண்டும்', 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தில், பயிற்றுமொழி 'இயன்ற அளவு' தாய்மொழியாக இருக்கவேண்டும். மூன்றையும் பிழையின்றித் தமிழாக்கிவிடலாம். பிள்ளைக்கு அவற்றால் கிடைப்பது என்ன என்பதைத் தோட்டந்தோறும் சென்றுதான் காணவேண்டும்.

முற்றும் வீணாயின என்றும் கூறுவதற்கில்லை. இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரளத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆயினும் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, கூலியோடு பள்ளிச் செலவுக்கான காசும் நின்றது. பள்ளி இருந்தும் அனுப்ப வகையற்ற வீடுகளுக்குச் சட்டத்தின் எந்தச் சொல்லும் சோறிடவில்லை.

நேயர்களுக்கு ஒரு செய்தி. 350ஆ பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினர்க்கான ஆணையர் அலுவலகம் 1957இல் அமைந்தது. தாய்மொழிக் கல்விக்கு உரிய வசதி இல்லை எனில், எந்த மாநிலத்தில் வாழும் பெற்றோரும் அவ்வலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதலாம். அந்த 'எழுதலாம்' மட்டும் நம் கையில் உள்ளது.