மூசா ராம் துயிலும் குன்று

நாம் வாழும் ஐதராபாத் நகரில், மூசி ஆற்றின் தென்கரைப் புறத்தே மூசாராம்பாக் என்றொரு பகுதி உண்டு. 2018-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயில் நிலையமொன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆற்றின் பெயரால் அமைந்த ஊர் என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் அப்பெயருக்கு உரியவர் பிரான்சு நாட்டிலே பிறந்து, புதுச்சேரி வழியாக இந்நகரை அடைந்து, நிஜாமின் படைத்தலைவராக உயர்ந்து, இங்கேயே மண்ணில் கலந்த ஒரு வீரர். மிஷேல் ழோவாக்கின் மரி ரேமோன் என்பது அவருடைய முழுப்பெயர்.

ரேமோன் 1755-ஆம் ஆண்டில், பிரான்சின் தென்மேற்கே காஸ்கொனிப் பகுதியில் ஒரு வணிகக் குடும்பத்திலே பிறந்தார். தம் இருபதாம் வயதில், 1775-இல், வாணிகம் செய்யும் நோக்கத்துடன் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். ஆயினும் அக்காலத் தென்னாட்டில் வாணிகத்தினும் வாளுக்கே மதிப்பு மிகுதி. சில காலம் மைசூர் ஐதர் அலியின் பணியிலிருந்த பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து போர்த்தொழில் பயின்றார். 1783-இல், முதியவரான புஸ்ஸி கடலூரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற காலத்தில், அவருடைய துணையதிகாரிகளுள் ஒருவரானார். ஆகவே, அவர் முதன்முதலாகக் கண்ட இந்திய மண் நம் தமிழ்க் கடற்கரையே.

1785-ஆம் ஆண்டு சனவரியில் புஸ்ஸி புதுச்சேரியிலேயே காலமானார். அதன்பின் ரேமோன் ஐதராபாத்துக்கு வந்து, நிஜாம் அலிகானிடம் பணியேற்றார். தொடக்கத்தில் அவரிடம் இருந்தவர் 300 வீரர்களே. அவர்கள் தோளில் சுமந்த துப்பாக்கிகளும் சொந்தமானவை அல்ல. ஒன்றுக்கு மாதம் எட்டணா வாடகையில் பிரெஞ்சு வணிகர் ஒருவரிடம் பெற்றவை என்பர். அச்சிறு கூட்டமே பத்தாண்டுகளில் 10,000 வீரர்களைத் தாண்டிய பெரும்படையாக வளர்ந்தது. அப்படைக்கு வேண்டிய பீரங்கிகளை வார்க்கத் தொழிற்சாலையும் எழுந்தது. ஆபிட்சுக்கு அருகே இன்று கன்பவுண்டரி என்று வழங்கும் பகுதி அதன் நினைவேயாகும்.

1795-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கர்டா என்னுமிடத்தில் மராட்டியருக்கும் நிஜாமுக்கும் போர் மூண்டது. நிஜாம் கோட்டைக்குள் ஒதுங்கிப் பணிய நேர்ந்த அப்போரில், ரேமோனின் படைகள் ஒழுங்கு குலையாது பொருது நற்பெயர் பெற்றன. அவ்வாண்டிலேயே நிஜாமின் மகன் அலி ஜா தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, அவனைத் தொடர்ந்து சென்று பிடித்தவரும் ரேமோனே. ஆங்கிலேயர் மராட்டியருக்கெதிராக உதவ மறுத்துவிட்டமையால், நிஜாமின் நம்பிக்கை முழுவதும் இப்பிரெஞ்சுக்காரர் பக்கம் திரும்பியது.

இதனைக் கும்பெனியார் அச்சத்துடன் நோக்கினர். சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான், ஐதராபாத்தில் ரேமோன், கடலுக்கு அப்பால் நெப்போலியன். இம்மூவரும் ஒன்றுபடின் தம் நிலை என்னாகும் என்பதே அவர்கள் கவலை.

அந்நிலையில் 1798-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் ரேமோன் திடீரென இறந்தார். அகவை நாற்பத்திரண்டே. நஞ்சூட்டப்பட்டார் என்ற பேச்சு அன்றே எழுந்தது. அதனை மெய்ப்பிக்கச் சான்று எதுவும் கிட்டவில்லை.

அவருக்குப் பின் பிரோன் என்பவர் தலைமை ஏற்றார். வெல்லெஸ்லி பிரபு கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றதும் காரியங்கள் விரைந்தன. செப்டம்பர் முதல் நாள் நிஜாம் கும்பெனியாருடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். பிரெஞ்சுப் படையைக் கலைக்கவும் இசைந்தார். சம்பளப் பாக்கியால் மனம் கசந்திருந்த சிப்பாய்கள் தம் அதிகாரிகளையே சிறைப்படுத்தினர். அக்டோபர் 22-ஆம் நாள் கும்பெனிப் படை அவர்களைச் சூழ்ந்தது. பெரும்படை முழுவதும் குருதி சிந்தாமலே படைக்கலங்களை ஒப்படைத்துக் கலைந்தது. ரேமோன் பல்லாண்டு பாடுபட்டு அமைத்தது, அவர் மறைந்த ஏழே திங்களில் இல்லாதொழிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டணமும் வீழ்ந்தது.

படை போயிற்று, கொடி போயிற்று, பிரெஞ்சு ஆதிக்கக் கனவும் போயிற்று. எஞ்சியது கல்லறை ஒன்றே. மலக்பேட்டைக்கு அப்பால், ஆஸ்மான்கட் குன்றின்மீது அது இருக்கிறது. பரந்த மேடைமேல் மேனோக்கிக் கூர்ந்து செல்லும் கருங்கல் தூண். அதில் ‘ஜே’, ‘ஆர்’ என்னும் இரண்டு எழுத்துக்கள். அருகே கிரேக்கக் கோயிலை ஒத்த தூண் மண்டபம். வீரச்செயல்களை விரித்துரைக்கும் நீண்ட கல்வெட்டு ஏதும் இல்லை.

அக்கல்வெட்டின் வேலையை மக்களின் நாவே செய்தது. ரேமோன் என்ற பெயர் இந்நாட்டார் வாயில் நுழையவில்லை. முஸ்லிம்கள் அவரை மூசா ரகீம் என்றனர்; இந்துக்கள் மூசா ராம் என்றனர். ‘மூசா’ என்பது ‘முசியே’ என்னும் பிரெஞ்சு மரியாதைச் சொல்லின் திரிபு என்பர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தோருக்கு அச்சொல் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அவர் நினைவு நாளில் மக்கள் அங்கே கூடி வணங்கினர் என்றும் கூறுவர். பிற நாட்டவர், பிற சமயத்தவர், மாற்றான் ஒருவனின் கூலிப்படைத் தலைவர் என்று ஒதுக்கிவிடக்கூடியவர். அவரை இரு சமயத்தாரும் தத்தம் தெய்வப் பெயரிட்டுத் தம்மவராக்கிக் கொண்டது இந்நகரின் பெருந்தன்மை அன்றோ!

2001-ஆம் ஆண்டில் அத்தூண் மண்டபம் இடிந்து வீழ்ந்தது. பின்னர் மீண்டும் எழுப்பப்பெற்றது. குன்றைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. பெயரை நாள்தோறும் உச்சரிப்போர் ஆயிரவர். அப்பெயர்க்குரியவர் எங்கே உறங்குகிறார் என்று அறிந்தோர் மிகச் சிலரே. கல்லை மீண்டும் அடுக்கிவிடலாம். மறந்த நினைவை அடுக்குதல் அரிது.

நாமும் வேற்றூரிலிருந்து வந்து இம்மண்ணின் உப்பை உண்டு வாழ்பவர்களே. சார்மினாரும் கோல்கொண்டாவும் காட்டி நம் பிள்ளைகளை அழைத்துவரும் விடுமுறை நாட்களுள் ஒன்றை இக்குன்றுக்கும் ஒதுக்குவோமாக. புதுச்சேரித் துறையில் இறங்கிய ஓர் இளைஞன் இங்கே எவ்வாறு மூசா ராம் ஆனான் என்னும் வரலாற்றை, அவன் கல்லறை முன்னே நின்று அவர்களுக்குச் சொல்லுவோமாக.