புத்தகயை மகாபோதிக் கோயில்: வழிபாட்டுரிமையும் பேணுகைப் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பீகார் மாநிலம் கயை மாவட்டத்தில் உள்ள புத்தகயை, கௌதம புத்தர் மெய்யறிவு பெற்ற இடமாகப் போற்றப்படுகிறது. இத்தலத்தின் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றில், அதனைப் புனிதமாகக் கருதியவர்களும் அதனைக் காத்து வந்தவர்களும் எல்லாக் காலத்திலும் ஒருவராகவே இருக்கவில்லை. வழிபாட்டுரிமை, உடைமையுரிமை, பேணுகைப் பொறுப்பு ஆகிய மூன்றும் இங்கு எவ்வாறு பிரிந்தும் இணைந்தும் வந்துள்ளன என்பதையும், 1949ஆம் ஆண்டின் சட்டம் இவற்றுக்கு அளித்த தீர்வின் தன்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புத்தகயை, மகாபோதிக் கோயில், வஜ்ராசனம், மகந்தர், அநகாரிக தருமபாலர், புத்தகயைக் கோயில் சட்டம்.

முன்னுரை

புத்தர் பிறந்த லும்பினி, மெய்யறிவு பெற்ற புத்தகயை, முதல் அறவுரை நிகழ்த்திய சாரநாத், பரிநிர்வாணம் எய்திய குசிநகரம் ஆகிய நான்கும் பௌத்தர்கள் தம் வாழ்நாளில் காண வேண்டிய தலங்கள் என மகாபரிநிர்வாண சூத்திரம் வகுக்கிறது. இவற்றுள் புத்தகயையே பௌத்த உலகின் மையமாகக் கருதப்படுகிறது. தமிழ்க் காப்பியமான மணிமேகலையும் புத்தரைப் போதி மரத்தோடு சேர்த்தே போற்றுகிறது. எனினும் இம்மையத்தின் நிருவாகம் பல நூற்றாண்டுகளாகப் பௌத்தர்களின் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. இம்முரணை விளங்கிக்கொள்ள, தலத்தின் வரலாற்றைப் பேணுகை என்னும் நோக்கில் அணுகுதல் தேவையாகிறது.

தலத்தின் தொன்மையும் கொடை மரபும்

நிரஞ்சனை ஆற்றங்கரையில் அமைந்த உருவேலா என்னும் சிற்றூரே பிற்காலத்தில் சம்போதி, மகாபோதி என்னும் பெயர்களால் வழங்கப்பட்டது. அசோகரின் எட்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு, அவர் முடிசூடிய பத்தாம் ஆண்டில் சம்போதிக்குச் சென்றதைக் குறிப்பிடுகிறது. அரசர்களின் இன்பப் பயணங்களுக்கு மாற்றாக அறப்பயணம் தொடங்கியதை அறிவிக்கும் கல்வெட்டில் இச்செய்தி இடம்பெறுவது கருதத்தக்கது. போதி மரத்தடியில் உள்ள வஜ்ராசனம் என்னும் மணற்கற் பலகை மௌரியர் காலத்தது என அறிஞர்கள் கருதுவர். மரத்தைச் சூழ்ந்து எழுப்பப்பட்ட திறந்த கோயிலின் தோற்றத்தைப் பார்ஹுத் புடைப்புச் சிற்பம் காட்டுகிறது.

கற்கிராதிகளில் உள்ள பழைய கல்வெட்டுகள், இந்திராக்னிமித்திரன், பிரம்மமித்திரன் ஆகிய அரசர்களின் குடும்பப் பெண்களைக் கொடையாளர்களாகக் குறிப்பிடுகின்றன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தனின் இசைவுடன் இலங்கை மன்னன் மேகவர்ணன் இங்கு மடம் அமைத்ததைச் சீனக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மகாநாமன் கல்வெட்டு இலங்கைத் துறவி ஒருவரின் திருப்பணியைப் பதிவு செய்கிறது. 11ஆம் நூற்றாண்டிலும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் பர்மிய அரசர்கள் கோயிலைப் பழுதுபார்த்தனர். இச்சான்றுகளிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது: புத்தகயையின் பேணுகை தொடக்கக் காலம் முதலே உள்ளூர் எல்லையைக் கடந்ததாக இருந்தது. மண் ஒரு மன்னனுடையதாகவும், திருப்பணி கடல் கடந்த மற்றொரு மன்னனுடையதாகவும் இருப்பது அக்காலத்தில் முரணாகத் தோன்றவில்லை.

நலிவும் மகந்தர் மடத்தின் தோற்றமும்

1234இல் இங்கு வந்த திபெத்தியப் பயணி தர்மசுவாமி, படையெடுப்பின் அச்சத்தால் நான்கு துறவிகள் மட்டுமே தங்கியிருந்ததாகக் குறிப்பிடுகிறார். அதன்பின் பௌத்த நிறுவன வாழ்வு படிப்படியாக மங்கியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கமண்டி கிரி என்னும் சைவத் துறவி இங்குத் தங்கி மடம் நிறுவினார் என்பது மடத்தின் மரபு. முகலாயர் கால நிலக்கொடைகளால் அம்மடம் பெரும் நிலவுடைமை நிறுவனமாக வளர்ந்தது. கோயிலும் அதன் ஆளுகைக்குள் வந்தது.

இந்நிலையை வெறும் கையகப்படுத்தலாக மட்டும் கருதுவது முழுமையான பார்வையாகாது. கயையில் நீத்தாருக்குப் பிண்டமிடும் சடங்கு வழியில் போதி மரமும் ஓரிடமாக அமைந்திருந்ததைக் கயா மாகாத்மியம் காட்டுகிறது. புத்தரைத் திருமாலின் தோற்றரவாகக் கொள்ளும் புராண மரபும் இதற்குத் துணைநின்றது. ஆகவே இந்துக்களின் வழிபாட்டுத் தொடர்பு மடத்தின் உடைமையுரிமைக்கு முற்பட்டது. ஆயினும் வழிபாட்டுத் தொடர்பு ஒன்று, நிலத்தின் மீதான தனியுரிமை மற்றொன்று. பிற்காலப் பிணக்குகளின் வேர் இவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்பட்டதில் உள்ளது.

சீரமைப்பில் இருவேறு நோக்குகள்

பர்மிய மன்னர் மிண்டோன் அனுப்பிய குழுவினர் 1877இல் கோயிலில் திருப்பணி தொடங்கினர். அப்பணியைப் பார்வையிட வங்காள அரசு இராசேந்திரலால் மித்ராவை அனுப்பியது. பர்மியர்கள் பக்தியுடன் செயற்பட்ட போதிலும் பழைய அடித்தளங்களையும் சிதைவுகளையும் அகற்றித் தொல்லியல் சான்றுகளை அழித்துவிட்டனர் என்பது அவரது மதிப்பீடு. 1880இல் அரசே சீரமைப்பை ஏற்றது. அலெக்சாண்டர் கன்னிங்காமின் வழிகாட்டுதலுடன் ஜே. டி. பெக்லர் மேற்கொண்ட பணி 1884இல் நிறைவுற்றது.

இங்கு இருவேறு பேணுகைக் கொள்கைகள் மோதியதைக் காணலாம். பர்மியர்க்குக் கோயில் வாழும் வழிபாட்டிடம். அதனைப் புதுப்பித்தலே புண்ணியம். தொல்லியலாளர்க்கு அது வரலாற்றுச் சான்று. உள்ளதை மாற்றாது காத்தலே கடமை. ஆனால் பெக்லரின் பணியும் தன் கொள்கைக்கு முழுமையாக இணங்கவில்லை. சிதைவுகளிடையே கிடைத்த சிறிய கல் மாதிரியைக் கொண்டு நான்கு மூலைக் கோபுரங்கள் எழுப்பப்பட்டன. இன்று காணப்படும் ஏறத்தாழ 50 மீட்டர் உயரக் கோயிலின் புறத்தோற்றம் பெரிதும் அச்சீரமைப்பின் விளைவாகும். 1876இல் பழைய போதி மரம் புயலில் வீழ்ந்தபின் வளர்க்கப்பட்ட மரமே இன்றுள்ளது. எனவே இத்தலத்தின் தொன்மை, மாறாத பொருள்களில் அன்றி இடையறாத புதுப்பித்தலிலேயே தங்கியுள்ளது.

தருமபாலரும் உரிமை வழக்கும்

1891 சனவரியில் புத்தகயைக்கு வந்த இலங்கையரான அநகாரிக தருமபாலர் கோயிலின் நிலைகண்டு வருந்தி, அவ்வாண்டு மே மாதம் கொழும்பில் மகாபோதி சங்கத்தை நிறுவினார். 1895 பிப்ரவரியில் சப்பானியப் புத்தர் சிலையொன்றைக் கோயிலின் மேல்தளத்தில் நிறுவ அவர் முயன்றபோது மகந்தரின் ஆட்கள் அதனைத் தடுத்தனர். கயை நடுவர் மன்றம் அவர்களைத் தண்டித்தது. அதே ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. அது குற்றவியல் வழக்காதலால் கோயில் யாருக்குரியது என்ற அடிப்படை வினா தீராமலே நின்றது.

இவ்வழக்கு இரு விளைவுகளைத் தந்தது. தலத்தின் சிக்கல் இந்தியாவுக்கு வெளியே உள்ள பௌத்த நாடுகளின் கவனத்தைப் பெற்றது ஒன்று. அதுவரை கொடை, திருப்பணி என்னும் சொற்களால் பேசப்பட்ட பேணுகை, உடைமை, அனுபோகம் என்னும் சட்டச் சொற்களால் பேசப்படலாயிற்று என்பது மற்றொன்று. கர்சன் பிரபு மேற்கொண்ட இணக்க முயற்சி பயனளிக்கவில்லை. 1920களில் இராசேந்திர பிரசாத் தலைமையிலான காங்கிரசுக் குழு, இந்துக்களும் பௌத்தர்களும் சம எண்ணிக்கையில் அமையும் கூட்டு நிருவாகத்தைப் பரிந்துரைத்தது.

1949ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் பீகார் சட்டமன்றம் இயற்றிய புத்தகயைக் கோயில் சட்டம் அப்பரிந்துரையை ஒட்டி அமைந்தது. நான்கு பௌத்தர்கள், மகந்தர் உள்ளிட்ட நான்கு இந்துக்கள், தலைவராக மாவட்ட ஆட்சியர் என நிருவாகக் குழு வரையறுக்கப்பட்டது. ஆட்சியர் இந்து அல்லாதவராயின் இந்து ஒருவரைத் தலைவராக நியமிக்க வேண்டும் என்றிருந்த விதி 2013இல் திருத்தத்தின் வழி நீக்கப்பட்டது. பௌத்த வழிபாட்டுக்கும் பிண்டதானத்துக்கும் சட்டம் ஒருசேர இடமளிக்கிறது; உயிர்ப்பலியைத் தடுக்கிறது. 1953 மே 28 அன்று, வைகாசி முழுநிலவு நாளில், குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருட்டிணன் முன்னிலையில் கோயில் புதிய குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

மகந்தரின் தனிக் கட்டுப்பாட்டை முடித்து, பேணுகைப் பொறுப்பைப் பொதுக்குழுவிடம் சேர்த்தது இச்சட்டத்தின் சாதனை. அதன் வரம்பும் வெளிப்படையானது. நிருவாகக் குழு உறுப்பினர் அனைவரும் இந்தியராதல் வேண்டும். அயல்நாட்டுப் பௌத்தர்க்கு ஆலோசனை வாரியத்தில் மட்டுமே இடம் உண்டு. சம எண்ணிக்கை வழங்கப்பட்டபோதும், இரு சமயத்தார்க்கும் கோயிலைப் பயன்படுத்தும் முறை பற்றிக் கருத்து வேறுபாடு எழின் மாநில அரசின் முடிவே இறுதியானது. முழு நிருவாகத்தையும் பௌத்தர்களிடம் அளிக்க வேண்டும் என்னும் கோரிக்கை 1992இலும் 2025இலும் போராட்டமாக எழுந்தமைக்கு இவ்வரம்புகள் காரணமாயின. பௌத்த சமயத்தைத் தழுவிய ஒடுக்கப்பட்ட மக்கள் இப்போராட்டங்களில் முன்நின்றமையால், இக்கோரிக்கை சமூகத் தன்மதிப்பின் கோரிக்கையாகவும் பொருள் பெறுகிறது.

இன்றைய பேணுகைச் சிக்கல்கள்

2002இல் யுனெஸ்கோ இக்கோயில் வளாகத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பட்டியலில் சேர்க்கப்பட்ட பரப்பு 4.86 எக்டேர் மட்டுமே. வளாகத்தைச் சூழ்ந்து பல நாடுகளின் மடங்களும் விடுதிகளும் அங்காடிகளும் பெருகியுள்ளன. 2013 சூலையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புக்குப் பின் பாதுகாப்பு ஏற்பாடுகள் இறுகின. மரத்தின் நலம் காக்கத் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவன அறிஞர்களின் உதவி பெறப்படுகிறது. மரத்தின் வேர்களும் வழிபடுவோரின் காலடிகளும் ஒரே சிற்றிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் நிலையில், பக்தியே சேதத்துக்குக் காரணமாகிவிடாமல் காப்பது குழுவின் அன்றாடக் கடமையாகிறது.

முடிவுரை

புத்தகயையின் வரலாற்றில் உடைமையாளர் பலர் மாறினர். வழிபடுவோரின் வருகை நலிந்தும் மீண்டும் தழைத்தது. திருப்பணிக்குரிய கைகள் இலங்கை, பர்மா எனப் பல நாடுகளிலிருந்தும் வந்தன. இந்துக்களின் வழிபாட்டுத் தொடர்பு மெய்யானது. அது நிருவாகத்தில் சம பங்கிற்கான வாதமாகத் தானே மாறிவிடுவதில்லை. பௌத்தர்களின் கோரிக்கை வலுவானது. அது நிறைவேறினும் பிறரது வழிபாட்டு நுழைவைக் காக்கும் கடமை எஞ்சும். மூன்று உரிமைகளையும் வேறுபடுத்தி நோக்காத எத்தீர்வும் 1895இன் வழக்கைப் போல அடிப்படை வினாவைத் தீர்க்காமலே விட்டுவிடும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை மறுஆய்வு செய்வோர் யாருக்கு எத்தனை இடம் என்பதோடு நில்லாது, தலத்தைக் காக்கும் பொறுப்பு யாரிடம், யாருக்குக் கணக்குக் காட்டும் வகையில் அமைய வேண்டும் என்பதையும் முதன்மையாகக் கொள்ளுதல் வேண்டும்.