ஆடி அழைப்புகள்

சேலத்தில் பழைய நண்பர்களைச் சந்திக்கத் தீபாவளி ஏற்ற நாளன்று. அன்று அவரவர் வீடு அவரவர்க்கு. ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வருவது ஆடிக்குத்தான். திருமணங்கள் நடவாத மாதம். ஆகவே யார்க்கும் வேறு அழைப்பிதழ் இராது. எங்கள் ஐவர்க்கும் ஆண்டின் மற்றப் பதினொரு மாதங்களில் வாய்க்காத ஓய்வின்மை அந்த ஒரு மாதத்தில் வாய்த்துவிடும்.

முதல் நாளே தேங்காய் சுடும் நோன்பு. சேலம், நாமக்கல், தருமபுரி, ஈரோடு, கரூர் வட்டாரங்களுக்கு வெளியே இதைச் சொன்னால் வியப்பார்கள். நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், வெல்லம் இட்டு, மஞ்சள் பூசிய அழிஞ்சில் குச்சியால் அடைத்து நெருப்பில் வாட்டவேண்டும். பாரதப்போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதன் நினைவே இது என்பது செவிவழிக் கதை. வியாசரிடம் இதற்குச் சான்று தேடவேண்டாம். சூட்டோடு உடைத்துப் பங்கிடும்போது எழும் சச்சரவில் குருக்ஷேத்திரம் இருந்தது என்பதற்கு நாங்களே சாட்சி.

பதினெட்டாம் நாள் ஆற்றுக்கு. மேட்டூர், கல்வடங்கம், குமாரபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரிக் கரையெங்கும் கூட்டம். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்கும், அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்கும் போவோர் தனி. 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்படும்வரை ஆடிப்பெருக்கு என்பது குடகு மழையின் வருகையறிவிப்பு. அந்த நம்பிக்கையில்தான் விதைத்தார்கள். அதன்பின் கீழ்க்கரைக்காரர்களுக்குப் பெருக்கு என்பது அணையின் இருப்பையும் மதகுத் திறப்பையும் பொறுத்ததாயிற்று. நீர் வற்றிய ஆண்டுகளில் நீராடுவதற்கென்றே தண்ணீர் திறந்துவிட்டதும் உண்டு. நதி வருவதைக் கொண்டாடப் பிறந்த விழாவுக்கு நதியை வரவழைக்க வேண்டியிருக்கிறது. 2020, 2021இல் கொரோனா அந்தக் கரையையும் அடைத்தது.

நகரத்தின் பெருவிழா அம்மன்களுடையது. கோட்டைப் பெரிய மாரியம்மனைத் தலைவியாகக் கொண்டு குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, அன்னதானப்பட்டி என்று பேட்டைதோறும் பூச்சாட்டல், கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, பொங்கல், உருளுதண்டம், சத்தாபரணம். இவற்றுள் குகையின் வண்டி வேடிக்கைக்கு இணையில்லை. தெய்வ வேடம் பூண்டவர்களை ஏற்றிய அலங்கார வண்டிகள் இரவில் ஊர்வலம் வரும். திரைப்படம் வருமுன்னரே சேலத்தாருக்குக் காட்சிப் பித்து பிடித்திருந்தது என்றும், 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் இங்கே தோன்றியது தற்செயலன்று என்றும் எங்களுள் ஒருவன் வாதிடுவான். இதை வாதமாகவே வைத்துக்கொள்வோம்.

நாங்கள் சொல்லவந்தது வேறு. பேட்டைகள் தொழிலாலும் சாதியாலும் பிரிந்தவை. அம்மன் நோன்பின்போது மட்டும் ஒரு பேட்டைக்காரன் மறு பேட்டை நண்பனை விருந்துக்கு அழைப்பான். அழைத்தால் மறுக்கலாகாது என்பது வழக்கம். அந்த வழக்கம் எதுவரை செல்லும் என்பதை 1970களின் பிற்பகுதியில், கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் கண்டோம். ஐவரில் ஒருவனுக்கு மட்டும் எங்கள் வீடுகளில் இலை பின்கட்டில் விழுந்தது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தபடி முன்கட்டில் உண்டோம். பொங்கலுக்கு மறுநாள் அவன் தாயார் எங்களைக் கறிவிருந்துக்கு அழைத்தார். வயிறு சரியில்லை என்றோம், நால்வரும் ஒருங்கே. வண்டி வேடிக்கைக்கு மட்டும் அவனோடு போய் நின்றோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் ஆடிக் கணக்கில் அவன் வீட்டுப் பந்திதான் முதல். பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் அதற்கென்றே வருகிறோம். பரிமாற அந்தத் தாயார் இல்லை. எங்கள் வீடுகளிலும் பின்கட்டு என்ற ஒன்று இடிந்து நெடுநாளாயிற்று. கூடத்தில் ஐந்து இலைகளை வரிசையாகப் போடுகிறோம். அவனும் தவறாமல் வருகிறான், சாப்பிட்டுவிட்டு.