ஆதனின் பொம்மை

ஆதனின் பொம்மை, கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கர் சிறுவர்களுக்காக எழுதிய மாயப் புதினம். வானம் பதிப்பகம் வெளியிட்டது. சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2023-இல் பெற்றது.

வைகைக் கரையில் அகழாய்வு நடந்த கீழடிக்கு விடுமுறைக்குப் போகும் பாலுவுக்கு ஒரு பழைய பொம்மை கிடைக்கிறது. 2600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதன் என்ற சிறுவன் அவனுக்குக் கூட்டாளியாகிறான். காலம் விட்டுக் காலம் தாண்டும் கதைதான். ஆனால் அதை நகர்த்துவது மந்திரத்தைவிட இரு பையன்களின் சிநேகம்.

ஆதன் என்ற பெயர் கற்பனையில் பிறந்ததல்ல. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்ற பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ளன. சூளையில் வைப்பதற்கு முன், ஈரக் களிமண்ணில் எழுதப்பட்டிருந்தால் அது குயவர் கையெழுத்து. சுட்ட பின் கீறப்பட்டிருந்தால், பானையை வாங்கியவர் தன் பெயரைத் தானே கீறியிருக்கலாம். கையெழுத்துகள் ஒன்றுபோல் இல்லாததால், எழுத்தறிவு ஒரு சிலரோடு நின்றுவிடவில்லை என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கருதுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தைக்கு இந்தப் பானை ஓடுகளைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

1960-இல் பிறந்த உதயசங்கர், ரயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்தவர். சிறுகதைகள் எழுதியதோடு, மலையாளத்திலிருந்து சிறார் நூல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பூமணி, தேவதச்சன், கோணங்கி, சோ. தர்மன் என்று எழுத்தாளர்கள் நிறைந்த ஊர் கோவில்பட்டி. அங்கிருந்து குழந்தைகளுக்கென்று இவ்வளவு விடாப்பிடியாக எழுதியவர் இவர்.

கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையும் இதே மாவட்டம்தான். பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, அங்கே கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. 1968-69-இல் அங்கே அகழாய்வு நடந்தது. அதே மாவட்டத்தில், பொருநை என்னும் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரைத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே தோண்டிவிட்டார். வீட்டுப் பக்கத்தில் இத்தனை இருக்க, கதை வைகைக் கரைக்குப் போனது தூத்துக்குடிக்காரர்களுக்குச் சின்ன ஆதங்கம்தான். நாவல் வந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் வரை கேட்டிருந்த பெயர் கீழடி என்பதால், அந்தத் தேர்வில் குறை காண முடியாது. முத்துக்குளிக்கும் பையன் ஒருவன் கொற்கையிலிருந்து நண்பனாக வரும் கதையை இன்னொருவர் எழுதட்டும்.