கணக்கில் இருந்தும் வகுப்பில் இல்லாத பிள்ளைகள்

மதுரை–தூத்துக்குடி ரயில் 1876 முதல் ஓடுகிறது. கரிசல்காட்டுக் கடம்பூரைக் கடந்து மணியாச்சியில் மாறினால் திருநெல்வேலி. தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை. அங்கே 1890இல் சாரா டக்கர் மிஷன் கல்வி நிறுவனத்தின் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியை நிறுவினார். அன்றைய இந்தியாவில் இப்படிப்பட்ட பள்ளிகள் பம்பாய், கல்கத்தா, அமிர்தசரஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களிலேயே இருந்தன.

தமிழைத் தொட்டு வாசிக்க எழுத்து வேண்டுமே! நம் மொழிகளின் ஒலிகளுக்கு ஏற்பப் புள்ளிகளை வகுத்த ‘கீழ்த்திசை பிரெய்ல்’ முறை 1902இல் அச்சாயிற்று. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் நோல்ஸ் பாதிரியார்; மற்றவரான கார்த்வெயிட் மதராஸ் மாகாணத்தில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர்.

பள்ளி வந்தது, எழுத்தும் வந்தது. கரிசல்காட்டுப் பிள்ளை அங்கே போய்ச் சேர வழி என்ன? ஊருக்கு வரும் மிஷன் ஊழியர் கண்ணில் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிரிட்டனில் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளின் கல்விக்கு 1893இலேயே சட்டம் இருந்தது. 1907இல் பள்ளி மருத்துவ ஆய்வும் சட்டமாகிவிட, மருத்துவர் வகுப்பறைக்கே வந்து குறையைக் கண்டறிந்தார். இந்தியாவில் 1909இல் பரோடா நகரம் அந்த ஆய்வைத் தொடங்கியது. அது கிராமங்களை எட்டவே இல்லை.

அரசுக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1881 முதல் 1931 வரை ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பார்வையற்றோரையும் காது கேளாதோரையும் தனிப் பட்டியலில் எண்ணியது. கணக்குப் பிள்ளை வீட்டுவாசலில் நின்று எழுதிக்கொண்டு போனார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு வாத்தியாரும் பின்னால் வரவில்லை. இந்த வரலாற்றில் மன்னிக்க முடியாத பகுதி இதுதான்.

பார்வை ஏன் போகிறது என்பதற்கும் ஒரு விடை கிடைத்தது. 1930களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் அய்க்ராய்டும் ராஜகோபாலும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, 1936இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் தேடிய அடையாளங்களில் ஒன்று கண்ணில் இருந்தது. இமையை விலக்கிப் பார்த்தால், கருவிழியை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் சோப்பு நுரை காய்ந்தாற்போல ஒரு சாம்பல்நிறத் திட்டு. வைட்டமின் ஏ குறைவின் தடயம் அது. மாலைக்கண்ணும் கூடவே வரும்; முற்றினால் கருவிழியே கரைந்துபோகும். மழை பொய்த்தால் கீரையும் பாலும் அற்றுப்போகும் வானம் பார்த்த பூமிக்கு இது அயல்நோய் அல்ல. அம்மை கெடுத்த கண்களும் ஏராளம்.

பள்ளி சுகாதாரப் பணி என்று ஒன்று இந்தியாவில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று 1946இல், சுகாதார நிலையை ஆராய அரசு அமைத்த போர் (Bhore) குழு எழுதியது. பத்தாண்டு கழித்து, கடம்பூருக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வந்தது. ஆனால் வைட்டமின் குறைவு பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே கண்ணைப் பறித்துவிடுகிறது. பள்ளி வாசலில் காத்திருக்கும் மருத்துவர் அந்தக் கண்ணுக்குத் தாமதமாக வந்தவரே. 1970இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டம், ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ மருந்தை வாயில் ஊற்றியது.